பழுதுபார்க்கத் தெரியாத பாக்டீரியாவும் வேண்டும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். பாக்டீரியாக்கள் தம் டிஎன்ஏவைச் சரிசெய்துகொள்வது பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். இந்தப் பழுதுநீக்கத்தை ஆராய்ந்து 2015இல் வேதியியல் நோபல் பெற்ற லிண்டால், மோட்ரிச், அஜீஸ் சான்கார் மூவரையும் சொன்னது நல்லது. ஆனால் சான்கார் பாடுபட்டு ஆராய்ந்த, டிஎன்ஏவில் பழுதான துண்டை வெட்டி நீக்கும் யூவிஆர்-ஏ, பி, சி நொதிகளை ‘மூன்றும் சேர்ந்து வெட்டும்’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டார் கட்டுரையாளர்.

மூன்றும் ஒட்டிக்கொண்டே திரிவதில்லை. யூவிஆர்-ஏ ஜோடியாகச் சேர்ந்து, யூவிஆர்-பியையும் கூட்டிக்கொண்டு, டிஎன்ஏ இழை எங்கே கோணியிருக்கிறது என்று தேடும். இடம் அகப்பட்டதும் ஏ கழன்றுவிடும். பியின் உடலில் கொண்டை ஊசி போல மடிந்த நீட்சி ஒன்று உண்டு. அது இரண்டு இழைகளுக்கு நடுவே நுழைந்து, பழுது எந்த இழையில் என்று உறுதி செய்யும். அப்புறம்தான் யூவிஆர்-சி வரும். அதற்கு வெட்டும் பகுதிகள் இரண்டு. பழுதுக்கு இந்தப் பக்கம் ஒன்று வெட்டும், அந்தப் பக்கம் மற்றொன்று. நடுவில் உள்ள 12, 13 நியூக்ளியோடைடு (டிஎன்ஏவின் அடிப்படை அலகு) நீளத் துண்டை யூவிஆர்-டி என்ற இன்னொரு நொதி உருவிப் போடும். காலி இடத்தைப் பாலிமரேஸ் என்ற நொதி நிரப்ப, லிகேஸ் என்ற நொதி ஒட்டிவிடும்.

சரி, இதெல்லாம் பாடப் புத்தகத்தில் கிடைக்கும். இந்த நொதியைப் பிடுங்கிய பாக்டீரியா நமக்கு எப்படி உதவுகிறது என்பதைக் கட்டுரை தொடவே இல்லை.

1970களில் அமெரிக்காவில் புரூஸ் ஏம்ஸ் ஒரு சோதனை வகுத்தார். ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலத்தைச் சொந்தமாகத் தயாரிக்க முடியாத சால்மொனெல்லாவை எடுத்து, அதன் யூவிஆர்-பி மரபணுவையும் நீக்கினார். சந்தேகப்படும் பொருளை அதனுடன் சேர்த்து, ஹிஸ்டிடின் மிகக் குறைந்த தட்டில் வளர விடுவார்கள். அந்தப் பொருள் டிஎன்ஏவைக் கெடுத்தால், சரிசெய்ய நொதி இல்லாததால் திடீர் மாற்றங்கள் தங்கிவிடும். அவற்றில் சில, இழந்த திறனைத் திருப்பித் தந்துவிடும். அப்படித் திறன் திரும்பிய பாக்டீரியாதான் தட்டில் பெருகும்; புள்ளி புள்ளியாக முளைத்திருப்பவற்றை எண்ணினால் போதும். துணிக்குப் போடும் ஏசோ வகைச் சாயங்களில் சில, உடம்புக்குள் உடைந்து அமீன்கள் என்ற வேதிப்பொருள்களாக மாறிய பிறகே ஆபத்தாகும். அதனால் எலியின் ஈரல் சாற்றையும் சேர்த்துச் சோதிப்பார்கள். அருமையான யோசனை!

எங்கள் பக்கத்துக்கு இது வெறும் அறிவியல் செய்தி அல்ல. பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் சாயத்தண்ணி தேங்கியதும், 2011 ஜனவரியில் உயர் நீதிமன்ற உத்தரவால் திருப்பூர்ச் சாயப்பட்டறைகள் மூடப்பட்டதும் கொங்கு நாட்டில் யாருக்கும் மறந்திருக்காது. அந்த அணை இருக்கும் நொய்யல் ஆறு என்றாலே டிடிஎஸ் (தண்ணீரில் கரைந்துள்ள உப்பு முதலியவற்றின் அளவு) எவ்வளவு, நிறம் போயிற்றா என்றுதான் இன்றும் பேசுகிறோம். நிறம் போன தண்ணீர் மரபணுவைக் கெடுக்குமா, கெடுக்காதா என்பதை டிடிஎஸ் மீட்டர் சொல்லாது. வெளிநாட்டுக்குப் போகும் பனியனுக்கு, ஆபத்தான ஏசோ சாயம் இல்லை என்ற சான்று கேட்கிறார்கள். கரையோரக் கிணற்றுக்கும் யாராவது கேட்கட்டுமே.

தட்டில் நிறைய முளைத்தால் புற்றுநோய் வந்தே தீரும் என்று அர்த்தமில்லை. தண்ணீரிலேயே ஹிஸ்டிடின் கலந்திருந்தாலும் கணக்கு தப்பும். அதனால் பழகியவர்கள் செய்ய வேண்டிய வேலை இது. கோவை, ஈரோடு, திருப்பூர்க் கல்லூரிகளின் நுண்ணுயிரியல் துறைகள் பாதுகாப்பு விதிகளோடு ஆற்றுநீரையும் கிணற்றுநீரையும் ஆண்டுதோறும் சோதித்து, முடிவைத் தமிழில் வெளியிட வேண்டும். அதே கட்டுரையாளரையே ஏம்ஸ் சோதனை பற்றி விரிவாக எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
சென்னிமலை