இரட்டைப் பிள்ளைகளைச் சுமப்பவர் பயணம் போகலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

நல்லூர்க் கொடியேற்றமும் மடு மாதாவின் ஆவணித் திருநாளும் நெருங்க, லண்டனிலும் கனடாவிலுமிருந்து உறவுகள் வந்திறங்க, திருகோணமலை வீடுகளில் வான் பிடிக்கும் பேச்சுத் தொடங்கிவிடும். அந்த வீட்டில் இரட்டைப் பிள்ளைகளைச் சுமக்கும் பெண் ஒருவர் இருந்தால் இரண்டு கட்சி பிரியும். வாசற்படி தாண்டாதே என்பது ஒன்று. ஏசி வான்தானே, சாய்ந்துகொண்டு வரலாம் என்பது மற்றது. இரண்டு கட்சியும் பேசுவது வாகனத்தின் குலுக்கலைப் பற்றித்தான். குலுக்கலால் பிரசவ வலி தொடங்குவதில்லை. இரட்டைக் கர்ப்பத்தில் வலி வீட்டில் சும்மா இருக்கும்போதும் முந்தி வரும்; நூறு பேரில் ஏறத்தாழ அறுபது பேர் 37 வாரம் முடியுமுன் பிரசவிக்கிறார்கள். ஆகவே கேட்க வேண்டியது ஒன்றுதான்: வலி வந்தால், அந்த நேரத்தில் நிற்கும் இடத்திலிருந்து மகப்பேற்று நிபுணரும் குறைமாதக் குழந்தைப் பிரிவும் உள்ள வைத்தியசாலை எவ்வளவு தூரம்?

முதலில் கிளினிக் கொப்பியைத் திறந்து, 11 முதல் 14 வாரத்துக்குள் எடுத்த ஸ்கான் அறிக்கையைப் பாருங்கள். நச்சுக்கொடி இரண்டா, ஒன்றா என்று அதில் எழுதியிருக்கும். இல்லாவிட்டால் அடுத்த கிளினிக்கில் கேளுங்கள். இதைத் தெளிவாகப் பார்க்கக் கூடிய காலம் அந்த வாரங்கள்தான். பிந்தினால் நிச்சயமாகச் சொல்வது கடினம். இரண்டு பிள்ளைக்கும் தனித்தனி நச்சுக்கொடி என்றால் ஆபத்து ஒப்பீட்டளவில் குறைவு. ஒரே நச்சுக்கொடியைப் பகிர்ந்தால், அதனுள் இருவரின் இரத்தக் குழாய்களும் இணைந்திருக்கும். நூறில் பத்துப் பதினைந்து கர்ப்பங்களில் ஒரு பிள்ளையின் இரத்தம் மற்றதற்குப் போய், ஒன்றைச் சுற்றி நீர் வற்றும், மற்றதைச் சுற்றிப் பெருகும். இதை நேரத்தோடு பிடிக்கத்தான் 16 வாரத்திலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒரு ஸ்கான். அப்படிப்பட்டவர் போவதானால் ஸ்கான் முடிந்து எல்லாம் சரி என்று சொன்ன மறுநாள் போய், அடுத்த ஸ்கானுக்கு முன் திரும்ப வேண்டும். ஒரே பன்னீர்க்குடத்துக்குள் இருவரும் இருந்தால் தொப்புள்கொடிகள் சிக்கிக்கொள்ளும். அவர்கள் வைத்தியர் எழுதித் தராமல் எங்கும் போகக் கூடாது.

கர்ப்பப்பைக் கழுத்தின் நீளம் 25 மில்லிமீற்றருக்குக் குறைவாக இருப்பவர், கழுத்தில் தையல் போட்டிருப்பவர், இரத்தம் பட்டவர், நச்சுக்கொடி கீழே இருப்பவர், பிரஷர் 140/90க்கு ஏறியவர், முந்தைய பிள்ளையைக் குறைமாதத்தில் பெற்றவர் ஆகியோர் விஷயத்தில் இந்தக் கடிதத்தைப் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். நிபுணரின் சொல்தான் முடிவு.

மற்றவர்களுக்கு 14 முதல் 24 வாரம் வரை வசதியான காலம். வாந்தி அடங்கியிருக்கும், வயிறு இன்னும் பெரிதாகாது. 28 வாரத்துக்குப் பிறகு ஒரு மணி நேரத்தில் வைத்தியசாலை சேரக் கூடிய தூரத்துக்குள் இருப்பதே எங்கள் ஆலோசனை. 32க்குப் பிறகு ஊரைவிட்டுப் போகாதீர்கள்.

இனிப் பாதை. கொழும்புப் பாதை சுமார் 260 கிலோமீற்றர். கந்தளாயில் ஆதார வைத்தியசாலை உண்டு. கந்தளாய்க்கும் ஹபரணைக்கும் இடையில் காடு. இரவில் யானை வீதிக்கு வரும். ஹபரணை தாண்டினால் தம்புள்ளை, பொலன்னறுவை, அநுராதபுரம் மூன்றும் எட்டும் தூரம். பிறகு குருநாகல் போதனா வைத்தியசாலை. ஆகவே காடு வரும் நேரம் பகலாக இருக்கும்படி காலை ஆறு மணிக்குப் புறப்படுங்கள். இரவு ரயிலில் காலை நீட்டி நடக்கலாம், மலசலகூடமும் உண்டு என்பது உண்மை. ஆனால் கல்லோயாப் பக்கம் யானை மோதி வண்டி நின்றால் அம்புலன்ஸ் அருகே வரப் பாதையில்லை. 20 வாரத்தில் ரயிலுக்கு நாங்கள் மறுப்புச் சொல்ல மாட்டோம். 27 வாரத்தில் சொல்வோம். யாழ்ப்பாணம் போகிறவர்களுக்கு ஹொரவப்பொத்தானை ஊடாக வவுனியா வரையுள்ள பகுதிதான் வெறிச்சோடியது. அதன் பிறகு வவுனியா, கிளிநொச்சி, யாழ்ப்பாணம் என வைத்தியசாலைகள் வரிசையாக உண்டு. மட்டக்களப்புக்கு வெருகல், வாகரை வழியே போகும் பாதை மழைக்காலத்தில் வெள்ளத்தில் துண்டிக்கப்படக் கூடியது. மார்கழியில் அந்த வழி வேண்டாம். மடுவில் காட்டுக்குள் கூடாரமடித்து இரவு தங்குவது இரட்டைக் கர்ப்பத்துக்கு ஏற்றதல்ல. பகலில் போய்ப் பூசை கண்டு திரும்பலாம்.

வழியில் அதிகம் பிழைக்கும் விஷயம் தண்ணீர். சுத்தமான மலசலகூடம் கிடைக்காது என்ற பயத்தில் பெண்கள் புறப்படுமுன்னே குடிப்பதை நிறுத்திவிடுகிறார்கள். ஆடி ஆவணி வெயிலில் உடல் வறண்டால் கர்ப்பப்பை இறுகத் தொடங்கும். சிறுநீரை அடக்கினால் தொற்று வரும். அந்தத் தொற்றே குறைமாதப் பிரசவத்தைத் தூண்டும். ஆகவே சாரதியிடம் முன்கூட்டியே சொல்லி, மணித்தியாலத்துக்கு ஒரு தடவை, கூடினால் ஒன்றரை மணித்தியாலத்துக்கு ஒரு தடவை, பெற்றோல் நிலையத்திலோ நல்ல சாப்பாட்டுக் கடையிலோ நிறுத்துங்கள். இறங்கி ஐந்து நிமிடம் நடக்க வேண்டும். நான்கு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்தால் காலில் இரத்தம் உறையும் அபாயம் உண்டு. இரட்டைக் கர்ப்பத்தில் அது இன்னும் கூட. முழங்காலுக்குக் கீழே இறுக்கும் காலுறையைக் காலையில், கால் வீங்குமுன், படுக்கையிலேயே போட வேண்டும். வீங்கிய பின் போட்டால் பயன் குறைவு.

பின் ஆசனத்தில் பட்டியின்றிப் படுத்துக்கொண்டு வருவதை வசதி என்று நினைக்கிறார்கள். திடீர்ப் பிரேக்கில் அதுதான் ஆளை உருட்டும். ஆசனத்தைச் சற்றே சாய்த்து, பட்டியின் கீழ்ப்பகுதியை வயிற்றுக்கு அடியில் இடுப்பெலும்பின் மேல் போடுங்கள். மேல்பகுதி மார்புகளுக்கு நடுவாகவும் வயிற்றின் பக்கவாட்டாலும் போக வேண்டும். வயிற்றின் குறுக்கே ஒருபோதும் வேண்டாம்.

விமானம் என்றால், ஒற்றைப் பிள்ளைக்கு 36 வாரம் வரை ஏற்றும் நிறுவனங்கள் பலவும் இரட்டைக்கு 32 வாரத்தில் நிறுத்திவிடும். 28க்குப் பிறகு வைத்தியரின் கடிதம் கேட்கும். பலர் போகும் நாளுக்கு வாரம் எண்ணி ரிக்கற் எடுக்கிறார்கள். எண்ண வேண்டியது திரும்பும் நாளை. கடிதத்தில் இரட்டை என்பதும் உத்தேசப் பிரசவத் திகதியும் இருக்கட்டும். மறைத்தாலும் 26 வார வயிறு அதைவிடப் பெரிதாகத் தெரிந்து, வாசலில் கேள்வி வரும். கட்டுநாயக்கவுக்கே இங்கிருந்து ஐந்தாறு மணி நேரம் என்பதையும் பயண நேரத்தில் சேருங்கள். ஹீமோகுளோபின் 7.5க்குக் கீழே இருந்தால் பறக்கக் கூடாது. பயணக் காப்புறுதி எடுத்தால், அங்கே பிறக்கும் குறைமாதக் குழந்தைகளின் தீவிர சிகிச்சைச் செலவும் அதில் அடங்குமா என்று எழுத்தில் கேளுங்கள். தாய்க்கு மட்டும் எடுத்துவிட்டு இரண்டு பிள்ளைகளின் பில்லைக் கட்டுவது எந்தக் குடும்பத்தையும் முடக்கும்.

கிளினிக் கொப்பி, எல்லா ஸ்கான் அறிக்கைகள், இரத்த வகை அறிக்கை, மாத்திரைகள் ஆகியவை கைப்பையிலேயே இருக்கட்டும், வானின் பின்பெட்டியில் அல்ல. கைபேசியில் படமும் எடுத்து வையுங்கள்.

வழியில் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை வயிறு இறுகினால், இடுப்பு விட்டுவிட்டு வலித்தால், நீர் கசிந்தால், இரத்தம் பட்டால், பிள்ளைகளின் துடிப்பு (அசைவு) குறைந்தால், கடும் தலைவலியோடு கண் மங்கினால், எங்கள் ஊருக்கே திரும்புவோம் என்று ஓடாதீர்கள். அருகிலுள்ள, மகப்பேற்றுப் பிரிவுள்ள அரச வைத்தியசாலைக்குப் போங்கள். வாகனம் இல்லாவிட்டால் 1990 அம்புலன்ஸை அழையுங்கள், கட்டணம் இல்லை. குழந்தைகளின் நுரையீரல் முதிர்வதற்கான ஊசி முழுப் பலன் தர ஒரு நாள் பிடிக்கும். அதைச் சீக்கிரம் போட்டுக்கொண்டு, தேவையானால் பிள்ளைகள் வயிற்றில் இருக்கும்போதே பெரிய வைத்தியசாலைக்கு மாற்றுவது, பிறந்த பின் மாற்றுவதைவிடப் பாதுகாப்பானது.

பிரசவத்துக்குத் தாய் வீடு வேறு மாவட்டத்தில் இருந்தால், அந்தப் பயணத்தையும் 28 வாரத்துக்குள் முடித்துவிடுங்கள். போய்ச் சேர்ந்த வாரமே அங்குள்ள மருத்துவிச்சியிடம் கொப்பியைக் காட்டிப் பதிந்து, நிபுணர் கிளினிக்குக்குத் திகதி வாங்குங்கள். ஏழாம் மாதச் சடங்கு முடியட்டும் என்று காத்திருப்பதால்தான் பலர் 31, 32 வாரத்தில், எந்தக் கிளினிக்கிலும் பெயரில்லாமல் நடுவழியில் நிற்கிறார்கள். சடங்கை அங்கே போய்ச் செய்யலாம்.

இப்படிக்கு,
கர்ப்பகாலப் பராமரிப்பில் பணியாற்றும் தாதியரும் மருத்துவிச்சிகளும்,
திருகோணமலை.