கழிவுநீர்க் கால்வாயில் கொசுப்புழு மருந்து தெளிக்கும் முறையை மாற்றக் கோரி மனு

அனுப்புநர்: கால்வாய் ஓரத் தெருக் குடியிருப்போர்
பெறுநர்: நகர்நல அலுவலர் அவர்கள்

மதிப்பிற்குரிய அலுவலர் அவர்களுக்கு, வணக்கம்.

எங்கள் தெருவுக்குப் பின்னால் ஓடும் (நிற்கும் என்பதே சரி) கால்வாயில் மாதம் ஒருமுறை பிடிஐ என்ற கொசுப்புழு மருந்தைத் தெளிக்கிறார்கள். வெயிலில் தெளிப்பானைச் சுமந்து வரும் ஊழியர்கள் மீது எங்களுக்குக் குறையில்லை. மருந்தும் நல்லதுதான். ஆனால் கொசு குறையவில்லை.

பிடிஐ பட்டவுடன் கொல்லும் விஷம் அல்ல. 1976இல் இஸ்ரேலின் நெகேவ் பாலைவனத்தில் கண்டறியப்பட்ட பாக்டீரியா அது. அதன் புரதப் படிகத்தைப் புழு தின்றாக வேண்டும். காரத்தன்மை மிகுந்த புழுவின் குடலில் படிகம் கரைந்து நச்சாகிக் குடல் சுவரைத் துளைக்கும். புழு ஓரிரு நாளில் செத்துவிடும். தின்னாத புழுவை அது ஒன்றும் செய்யாது.

புழுப் பருவங்களில் கடைசியான நான்காம் பருவத்தின் முடிவில் புழு தீனியை நிறுத்திவிடும். கூட்டுப்புழுவோ எதையும் தின்பதே இல்லை. தெளிக்கும் நாளில் அந்த நிலையில் இருப்பவை இரண்டு மூன்று நாளில் கொசுவாகிப் பறந்துவிடும். நம் ஊர் வெப்பத்தில் முட்டை கொசுவாகப் பத்து நாள் போதும். மாதம் ஒரு தெளிப்பு என்றால் நடுவில் எத்தனை ஈடு கொசு கிளம்பும் என்று நீங்களே கணக்கிடலாம்.

அப்புறம் குப்பை. அழுகல் நீரில் புழுவுக்கு வேறு தீனி ஏராளம். மருந்தை அது குறைவாகத்தான் தின்னும். அழுக்கு நீரில் பெருகும் க்யூலக்ஸ் வகைக் கொசுவின் புழு நீர்மட்டத்தில் தலைகீழாகத் தொங்கியபடி நீரை வடிகட்டித் தின்கிறது. கசடோடு ஒட்டி அடியில் படியும் படிகம் அதன் வாய்க்கு எட்டுவது அரிது. பிளாஸ்டிக் பைகளின் மேல் விழும் மருந்து தண்ணீரைக்கூடத் தொடுவதில்லை.

ஆகவே, முதலில் கால்வாயைத் தூர்வார வேண்டுகிறோம். பிறகு வாரம் ஒருமுறை, வெயில் தாழ்ந்த நேரத்தில் தெளிக்கச் சொல்லுங்கள். கழிவுநீருக்கு எவ்வளவு அளவு என்பதைப் புதுச்சேரியில் உள்ள நோய்க்கடத்தி கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையத்திடம் கேட்கலாம். பி-17 என்ற பிடிஐ வகையே அவர்களுடையதுதான். தெளிப்பதற்கு முன்பும், இரண்டு நாள் கழித்தும் கரண்டியால் நீரை மொண்டு புழுக்களை எண்ணிப் பதிவேட்டில் எழுத உத்தரவிடுங்கள். எண்ணும்போது எங்களில் ஒருவர் கூட இருக்கத் தயார்.

இப்படிக்கு,
தெருக் குடியிருப்போர்