சியாட்டிலில் எங்களுக்குக் கைகொடுத்தவர்களுக்கு

எல்லோருக்கும் வணக்கம்.

ஜூலைக் கடைசியில் திருச்சி, சென்னை, ஹூஸ்டன் என்று ஆளுக்கொரு திசையிலிருந்து வந்து சியாட்டிலில் கூடிய கல்லூரித் தோழிகள் நாங்கள். தெரிந்தவர்களுக்கெல்லாம் வாட்ஸ்அப்பில் நன்றி சொல்லியாயிற்று. ஆனால் உதவியவர்களில் பாதிப் பேரின் பெயர்கூட எங்களுக்குத் தெரியாது. அவர்களுக்கும் சேர்த்துத்தான் இப்படிப் பொதுவில் எழுதுகிறேன்.

முதல் நன்றி சியாட்டிலை அடுத்த ரெட்மண்டில் இருக்கும் எங்கள் தோழிக்கு. வீட்டைத் திறந்துவிட்டதற்காக மட்டுமில்லை. நாங்கள் கொண்டுபோன பட்டியலை வாங்கிப் பார்த்துவிட்டு, பேனாவை எடுத்துப் பாதியை அடித்தாளே, அதற்காக. வாஷிங்டன் மாநிலத்தில் மவுண்ட் ரெய்னியர், ஒலிம்பிக், வடக்கு காஸ்கேட்ஸ் என்று மூன்று தேசியப் பூங்காக்கள் இருக்கின்றன. மூன்றையும் ஒரே மூச்சில் பார்த்துவிடுவதாகத் திட்டம். "மூணையும் கார் கண்ணாடி வழியாத்தான் பார்ப்பீங்க. ஒண்ணு போதும்டி" என்றாள். சென்னைக்காரி முகம் தூக்கிவைத்துக்கொண்டாள். ஒலிம்பிக்கின் மழைக்காட்டை விட்டதில் எனக்கும் இன்றுவரை குறைதான். ஆனாலும் அவள் அடித்தது சரி. இந்தப் பயணத்தில் எங்களுக்கு உண்மையில் உதவியவர்கள் யார் என்று யோசித்தால், இப்படி எதையாவது வேண்டாம் என்று சொன்னவர்கள்தான் வரிசையாக நினைவுக்கு வருகிறார்கள்.

ஸ்பேஸ் நீடில் கோபுரத்தில் ஏறுவதையும் அவள்தான் அடித்தாள். 1962 உலகக் கண்காட்சிக்காகக் கட்டிய 605 அடிக் கோபுரம் அது. "ஊசி மேல ஏறிட்டா ஊசியை எப்படிப் பார்ப்பே?" என்று கேட்டு, குன்றின்மேல் இருக்கும் கெரி பார்க்குக்கு அழைத்துப்போனாள். கட்டணம் கிடையாது. சின்னப் பூங்காதான், ஆனால் கோபுரம், நகரம், கடல் எல்லாம் ஒரே பார்வையில் விழுகின்றன. கோபுரத்துக்குப் பின்னால் ரெய்னியர் மலை தெரிய வேண்டும். அன்று வெறும் மேகம். "மலை அங்கதான் இருக்கு, நம்புங்க" என்றாள். அந்த ஊரில் மழை வருமா என்று கேட்பதைப்போலவே மலை தெரிகிறதா என்றும் பேசிக்கொள்கிறார்கள்.

பைக் பிளேஸ் சந்தையில் பூ விற்ற அம்மாவுக்கு அடுத்த நன்றி. அங்கே பூக்கடை போட்டிருப்பவர்களில் பலர் ஹ்மாங் மக்கள். லாவோஸிலிருந்து அகதிகளாக வந்து, பூ பயிரிட்டுப் பிழைப்பை அமைத்துக்கொண்ட குடும்பங்கள். கை நிறைய டாலியாப் பூக்களைக் கட்டி, தண்டுக்கு ஈரக் காகிதம் சுற்றிக் கொடுத்தார். எதிரே, முதல் கடை என்று பெயர்பெற்ற ஸ்டார்பக்ஸ் காபிக்கடை வாசலில் நீண்டிருந்த வரிசையில் நாங்கள் நிற்கப் போவதைப் பார்த்துவிட்டு, "காபிக்கா, போட்டோவுக்கா?" என்று கேட்டார். போட்டோவுக்கு என்றோம். அதை வெளியிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம், கீழ்த்தளங்களைப் பார்க்காமல் போய்விடாதீர்கள் என்று படிக்கட்டைக் காட்டினார். மேலே மீன் வீசிப் பிடிக்கும் வேடிக்கையோடு திரும்பிவிடுபவர்கள் அதிகம். கீழே தளம் தளமாக இறங்குகிறது சந்தை. பழைய சாமான், புத்தகம், மந்திர வித்தைப் பொருள் என்று என்னென்னவோ கடைகள்.

இந்தச் சந்தை 1907இல் பிறந்த கதையைக் கேட்டால் நம்மூர்க்காரர்கள் சிரிப்பார்கள். காரணம் வெங்காயம். இடைத்தரகர்கள் கையில் விலை தாறுமாறாக ஏற, விவசாயிகளே நேரடியாக விற்கட்டும் என்று நகராட்சி இடம் ஒதுக்கியது. மதுரையில் 1999இல் முதல் உழவர் சந்தையைத் திறந்ததும் இதே எண்ணத்தில்தான். இடையில் பைக் பிளேஸை இடித்துவிட்டுப் பெரிய கட்டடங்கள் எழுப்பப் பார்த்திருக்கிறார்கள். 1971இல் ஊர் மக்கள் ஓட்டுப் போட்டு அதைத் தடுத்திருக்கிறார்கள். அவர்களுக்கும் ஒரு கும்பிடு.

ஹூஸ்டன் தோழிக்கு முட்டி வலி. அவள் கை நீட்டிக் கேட்பதற்கு முன்பே பேருந்தின் முன்வாசலைத் தரைப்பக்கம் தாழ்த்திக் கொடுத்த ஓட்டுநர்களுக்கு நன்றி. இறங்கும்போது அந்த ஊர்க்காரர்கள் ஓட்டுநரைப் பார்த்து சத்தமாக நன்றி சொல்லிவிட்டு இறங்குகிறார்கள். இரண்டாம் நாளே எங்களுக்கும் தொற்றிக்கொண்டது. அப்புறம், பெயின்பிரிட்ஜ் தீவுக்குப் படகு ஏறும் இடத்தில் திரும்பி வருவதற்கும் சேர்த்து டிக்கெட் எடுக்கப் பார்த்தோம். நடந்து ஏறுபவர்களுக்குத் திரும்பும் பயணம் இலவசம் என்று சொன்ன கல்லூரிப் பையனுக்கும் நன்றி. முப்பத்தைந்து நிமிடக் கடல் பயணம். மேல்தளத்துக் குளிர்காற்றில் பேச்சே வரவில்லை.

பாலார்ட் நீர்ப்பூட்டில் எங்களுக்கு விளக்கிச் சொன்ன பெரியவரைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே எழுத வேண்டும். கடல் மட்டத்தைவிட இருபது அடிக்கு மேல் உயரத்தில் ஏரி. இரண்டுக்கும் நடுவே படகுகள் போய்வர 1917இல் திறந்த நீர்ப்பூட்டு அது. படகு உள்ளே வந்ததும் கதவை மூடி, தண்ணீரை ஏற்றியோ இறக்கியோ மட்டத்தைச் சரிசெய்து, மறுபக்கக் கதவைத் திறக்கிறார்கள். நாங்கள் அதை வீடியோ எடுத்துவிட்டுக் கிளம்பினோம். "மீனைப் பார்க்காமலா?" என்று மறித்தார் அவர். கூடவே வந்து, நிலத்தடியில் கண்ணாடிச் சன்னல் வைத்த அறைக்கு அழைத்துப்போனார்.

கடலிலிருந்து தான் பிறந்த ஆற்றுக்குத் திரும்பும் சால்மன் மீன்களுக்காக அங்கே இருபத்தொரு படிகள் கொண்ட நீர் ஏணி கட்டியிருக்கிறார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம், முழங்கை நீளத்துக்கு ஒரு மீன், பாயும் தண்ணீரை எதிர்த்து ஒரே இடத்தில் நின்று நீந்திக்கொண்டிருந்தது. போகவும் இல்லை, பின்வாங்கவும் இல்லை. சட்டென்று ஒரு துள்ளல், காணோம். ஜூலையில் சாக்ஐ, ஆகஸ்டில் சினூக், செப்டம்பரில் கோஹோ என்று ஒவ்வொரு வகை சால்மனும் பருவம் பருவமாக வரும் என்றார். சாக்ஐ முன்புபோல் வருவதில்லை என்று அவர் சொன்னபோது, வீட்டில் ஒருவருக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லும் குரல். ஏணியின் வாயில் சீல்கள் காத்திருந்து மீனைப் பிடித்துத் தின்பதையும் அவர் மறைக்கவில்லை. ஐயா, நாங்கள் அரை மணி நேரம் ஒதுக்கிவைத்திருந்த இடத்தில் பிற்பகல் முழுவதையும் கழித்தது உங்களால்தான்.

இனி, பட்டியலில் மிஞ்சிய ரெய்னியர் மலை. தோழியின் கணவருக்கு இதில் பெரும்பங்கு. சனிக்கிழமை வேண்டாம், வாரநாளில் போங்கள் என்று சொன்னதும், அதற்காக விடுப்பு எடுத்து வண்டி ஓட்டியதும் நீங்கள்தான். விடிகாலை ஐந்து மணிக்கு எங்களைக் கிளப்ப நீங்கள் பட்ட பாடு எனக்குத் தெரியும். பூங்காவுக்குள் பெட்ரோல் கிடையாது, வழியிலேயே நிரப்ப வேண்டும். போனில் சிக்னல் இருக்காது, வரைபடத்தை முன்பே இறக்கி வைத்துக்கொள்ள வேண்டும். இதெல்லாம் எங்களில் யாருக்கும் தோன்றியிருக்காது. நிஸ்குவாலி நுழைவாயிலில் எங்களுக்கு முன்னால் நாலைந்து வண்டிகள்தான். மாலை திரும்பியபோதுதான் நாங்கள் நடக்கத் தொடங்கிய பாரடைஸ் பகுதியின் வாகன நிறுத்தத்தில் இடத்துக்காகச் சுற்றிக்கொண்டிருந்த வண்டிகளைப் பார்த்து உங்கள் அருமை புரிந்தது.

14,410 அடி மலை. 1899இலேயே தேசியப் பூங்கா ஆகிவிட்டது. உறங்குவதுபோல இருந்தாலும் எரிமலைதான். வரும் வழியில் சாலையோரம் எரிமலை பொங்கினால் தப்பிக்கும் பாதை என்று பலகையே வைத்திருக்கிறார்கள். மேகம் விலகி முழு மலையும் வெண்மையாக எதிரே நின்றபோது, சென்னைக்காரி மூன்று பூங்காக்களைப் பற்றிய பேச்சை விட்டுவிட்டாள்.

பார்வையாளர் மையத்தில் இருந்த ரேஞ்சர் பெண்ணே, நீங்கள் எங்கள் காலணிகளைப் பார்த்த பார்வையை மறக்க மாட்டோம். ஐந்தரை மைல் ஸ்கைலைன் பாதையை முழுவதும் சுற்றிவருகிறோம் என்றோம். யாருக்கு முட்டி வலி, எவ்வளவு தண்ணீர் இருக்கிறது, கைத்தடி உண்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்டீர்கள். பனோரமா பாயின்ட் வரை போங்கள், அதற்கு மேல் இன்னும் பனி கிடக்கிறது, வந்த வழியே இறங்குங்கள் என்று வரைபடத்தில் கோடு போட்டுக் கொடுத்தீர்கள். ஹூஸ்டன் தோழிக்கு மர்ட்டில் அருவி வரை தார் போட்ட பாதை இருப்பதைக் காட்டினீர்கள். அருவிக்கு மேலே மலை நிற்கும் அந்தப் படம்தான் இப்போது அவள் போனில் முகப்பு. புல்வெளியில் கால் வைக்காதீர்கள், பனி உருகி மறுபடி விழுவதற்குள் சில வாரங்கள்தான் செடிகளுக்கு வாழ்வு, ஒரு மிதி பட்ட இடம் மறுபடி தழைக்கப் பல வருடம் ஆகும் என்றும் சொன்னீர்கள். நீல லூபின் பூக்களுக்கு நடுவே உட்கார்ந்து படம் எடுக்கும் ஆசை அதோடு போயிற்று.

பனோரமா பாயின்டிலிருந்து தெற்கே ஆடம்ஸ், செயின்ட் ஹெலன்ஸ், ஹுட் என்ற மூன்று மலைகளும் தெரிந்தன. இறங்கும்போது பாதையின் குறுக்கே ஒரு பனித்திட்டு. ஏறும்போது சாதாரணமாகத் தாண்டியதுதான், வெயிலில் குழைந்து வழுக்கியது. நாங்கள் தயங்கி நிற்பதைப் பார்த்து, பின்னால் வந்த வயதான தம்பதியர் தங்கள் கைத்தடிகளில் ஆளுக்கொன்றைக் கொடுத்தார்கள். குதிகாலை முதலில் ஊன்றி இறங்க வேண்டும் என்று அந்த அம்மா நடந்து காட்டினார். கீழே வந்து தடிகளைத் திருப்பிக் கொடுத்தபோது, பெயர் கேட்க வாய் எடுத்தோம். அதற்குள் மார்மட் என்ற பெரிய மலை அணில் ஒன்று பாறைமேல் வந்து உட்கார்ந்துவிட்டது. எல்லோரும் அதைப் பார்க்கப் போய்விட்டோம்.

ரெட்மண்ட் வீட்டு அத்தை, உங்கள் புளியோதரையையும் மோர்மிளகாயையும் அங்கேதான் பிரித்தோம். சாம்பல் நிறக் குருவி ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் வந்து நின்றது. காக்காய்க்கு வைத்துப் பழகிய கை சும்மா இருக்குமா? ஆனால் எதற்கும் தீனி போடக் கூடாது என்று ரேஞ்சர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அதனால் ஒரு பருக்கை விடாமல் நாங்களே தின்று தீர்த்தோம். வளைவுச் சாலை ஒத்துக்கொள்ளாது என்று நீங்கள் வராமல் வீட்டிலேயே இருந்துவிட்டதுதான் எங்களுக்கு ஒரே வருத்தம்.

ரெட்மண்ட் குடும்பம் மார்கழியில் திருச்சி வருவதாகச் சொல்லியிருக்கிறது. ஸ்ரீரங்கம், மலைக்கோட்டை, கல்லணை, தஞ்சாவூர், செட்டிநாடு என்று நீளமான பட்டியல் அனுப்பியிருக்கிறாள் தோழி. வரட்டும், பேனா என் கையில் இருக்கிறது. விடிகாலை ஐந்து மணிக்கு அவள் கணவரை எழுப்பும் பொறுப்பும் என்னுடையது.

அன்புடன்,
திருச்சித் தோழி