எச்.ஐ.வி. 1 வகையா, 2 வகையா என்பதை அறிக்கையில் எழுதுங்கள்: ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கத்தின் திட்ட இயக்குநர் அவர்களுக்கும், மாநிலமெங்கும் எச்.ஐ.வி. பரிசோதனை செய்துவரும் தனியார் ஆய்வகங்களின் பொறுப்பாளர்களுக்கும் வணக்கம்.

இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலாகக் கண்டறியப்பட்டது 1986இல், டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் சென்னையில் திரட்டி வேலூருக்குக் கொண்டுசென்று பரிசோதித்த ரத்த மாதிரிகளில்தான். அதே ஆண்டில் மேற்கு ஆப்பிரிக்க நோயாளிகளிடம் இரண்டாவது வகை வைரஸ் இருப்பதும் உலகுக்குத் தெரியவந்தது. 1990களின் தொடக்கத்தில் அந்த எச்.ஐ.வி.-2 இந்தியாவிலும் இருப்பது உறுதியானது. இங்கு அது அரிதுதான் என்றாலும், அப்படி ஒருவர் நம் மையத்துக்கு வரும்போது அவரை அடையாளம் காணத் தவறினால் நேரும் இழப்பு பெரியது.

“எச்.ஐ.வி. 1 மற்றும் 2: ரியாக்டிவ்” (எதிர்வினை உண்டு) என்று மட்டும் அச்சிட்ட அறிக்கைகளை இன்றும் காண்கிறோம். இது அந்தப் பரிசோதனையின் பெயரேயன்றி நோயாளிக்கு எந்த வகைத் தொற்று என்பதற்கான விடையன்று. இரு வைரஸ்களின் உட்புறப் புரதங்கள் பெரிதும் ஒத்திருப்பதால் ஒன்றுக்கு எதிராக உடலில் உருவான எதிர்ப்பொருள் மற்றொன்றின் பரிசோதனையிலும் பற்றிக்கொள்கிறது. மேலுறைப் புரதங்களில்தான் வேறுபாடு தெளிவாகத் தெரியும். எனவே இரு வகைகளுக்குமான இரண்டு புள்ளிகளும் தெரிந்த ரேபிட் (விரைவு) பரிசோதனையை வைத்துக்கொண்டு இரட்டைத் தொற்று என்று முடிவுகட்டிவிட முடியாது. வகை பிரித்தறியும் எதிர்ப்பொருள் பரிசோதனையும், அதிலும் தெளிவு கிட்டாதபோது வைரஸின் மரபணுப் பொருளையே தேடும் பி.சி.ஆர். பரிசோதனை இரு வைரஸ்களுக்கும் தனித்தனியாகவும் தேவைப்படுகின்றன.

இப்போது எல்லோருக்கும் டோலுடெக்ராவிர் என்னும் எச்.ஐ.வி. மருந்து அடங்கிய மாத்திரைதான் தரப்படுகிறது, அது இரு வகைகளுக்கும் வேலை செய்கிறது, பிறகு ஏன் பிரித்துப் பார்க்க வேண்டும் என்று மருத்துவர்களே சிலர் கேட்கிறார்கள். 2004இல் தாம்பரம் உள்ளிட்ட மையங்களில் இலவசக் கூட்டு மருந்துச் சிகிச்சை தொடங்கியபோது முதல்நிலை மருந்துகளில் நெவிராபினோ எஃபாவிரென்சோ இருந்தது, அவ்விரண்டும் எச்.ஐ.வி.-2ஐத் தொடுவதே இல்லை. அந்த ஆபத்து இன்று பெரிதும் நீங்கிவிட்டது உண்மையே.

ஆனால் கண்காணிப்பில் உள்ள ஆபத்து நீங்கவில்லை. ரத்தத்தில் உள்ள வைரஸின் அளவைக் காட்டும் வழக்கமான வைரல் லோடு பரிசோதனைகள் எச்.ஐ.வி.-1க்கென்றே வடிவமைக்கப்பட்டவை. எச்.ஐ.வி.-2 உள்ளவரின் ரத்தத்தில் வைரஸ் பெருகிக்கொண்டிருந்தாலும் அவை “கண்டறியப்படவில்லை” என்றே காட்டும். அந்த ஒரு வரியை நம்பி, மருந்து வேலை செய்கிறது என்று நோயாளியும் மருத்துவரும் நிம்மதியடைய, நோய் எதிர்ப்பு அணுக்களான சிடி4இன் எண்ணிக்கை மெல்லச் சரிந்துகொண்டே போகலாம். எச்.ஐ.வி.-2 பொதுவாக மெதுவாக முற்றுவது என்பதால் இந்தச் சரிவு எவர் கண்ணிலும் படாமல் நீளவும் கூடும். குழந்தைகளின் நிலையும் இதுவே: பிறந்த ஆறாவது வாரத்தில் எடுத்துத் தாளில் உலரவைக்கும் ரத்தப் பொட்டில் செய்யும் பி.சி.ஆர். எச்.ஐ.வி.-1ஐ மட்டுமே தேடுவதாக இருந்தால், எச்.ஐ.வி.-2 உள்ள தாயின் குழந்தைக்கு அதில் வரும் “நெகட்டிவ்” எதையும் உறுதிசெய்யாது.

ஆகவே, ஒவ்வொரு பாசிட்டிவ் அறிக்கையிலும் எச்.ஐ.வி.-1, எச்.ஐ.வி.-2, வகை உறுதிசெய்யப்படவில்லை என்னும் மூன்றில் ஒன்றைக் கட்டாயமாக எழுதச் செய்யுங்கள். மூன்றாவதாக எழுதப்பட்ட மாதிரிகளும், இரண்டாம் வகைக்கு ரியாக்டிவ் ஆனவையும் நம்பிக்கை மையம் (அரசின் எச்.ஐ.வி. ஆலோசனை, பரிசோதனை மையம்) வழியாக மேல்நிலை ஆய்வகத்துக்குச் செல்லும் பாதை தனியார் ஆய்வகங்களுக்கும் திறந்திருக்க வேண்டும். நோயாளியைப் பல ஊர்களுக்கு அலையவிடாமல் மாதிரியை மட்டும் அனுப்பலாம். 2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி., எய்ட்ஸ் சட்டம் வற்புறுத்தும் ஒப்புதலும் ரகசியக் காப்பும் அந்தப் பயணம் முழுவதும் தொடர வேண்டும். வைரல் லோடு படிவத்திலும் வகையைக் குறிக்க ஓர் இடம் ஒதுக்குங்கள்.

ஏற்கெனவே சிகிச்சையில் இருப்போரில், மருந்து தொடங்கும் முன்னரே வைரல் லோடு “கண்டறியப்படவில்லை” என்று வந்தவர்களையும், அப்படியே வந்துகொண்டிருந்தும் சிடி4 குறைந்துவருபவர்களையும் பதிவேடுகளிலிருந்து தேடியெடுத்து, அவர்களுக்கு முதலில் வகை பிரித்தறியும் பரிசோதனையைச் செய்ய ஆணையிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஆய்வக நுட்பநர் ஒருவர்