தட்டைக்கும் மதிப்பெண் போடு

குருவிகுளம்,
மாசி மாதம்.

அன்பு நண்பா,

நலம், நலமறிய ஆவல். பொங்கலுக்கு வருவதாகச் சொல்லிவிட்டு வராமல் இருந்துவிட்டாய் என்று ஆச்சி உன்மேல் கோபமாக இருக்கிறாள். அவளைச் சமாதானப்படுத்துவது உன் பாடு. மக்காச்சோள ஒட்டு ரகங்களை உருவாக்கும் உன்னிடம் எனக்குப் பேச வேண்டியது, கதிர் ஒடித்த பின் மாட்டுக்குப் போடும் அதன் தட்டையைப் பற்றி.

இந்தப் பருவத்தில் இரண்டு வீரிய ஒட்டு ரகங்களை ஒரே கரிசல் தாக்கில் பக்கத்துப் பக்கத்தில் விதைத்தேன். மணி விளைச்சலில் சொல்லும்படி வித்தியாசம் இல்லை. ஆனால் கதிர் முற்றி மட்டை வெளுத்தபோது ஒன்று அடி முதல் நுனி வரை காய்ந்து சலசலத்தது. மற்றதில் கதிருக்கு மேலிருந்த தோகையெல்லாம் பச்சை மாறாமல் நின்றது. கதிரை ஒடித்த கையோடு இரண்டையும் வெட்டிக் காடியில் போட்டேன். முதலாவதில் மாடுகள் தோகையை மட்டும் உருவித் தின்றுவிட்டு அடித்தண்டை மூக்கால் ஒதுக்கின. இரண்டாவதில் கணுக்கள்தான் மிஞ்சின.

தண்டு முற்ற முற்ற லிக்னின் என்னும் மரப்பொருள் இறுகி, இரைப்பையின் நுண்ணுயிர்கள் நார்ச்சத்தான செல்லுலோஸை நெருங்க விடாமல் தடுக்கிறது என்று கிள்ளிகுளம் வேளாண் கல்லூரி விடுதியில் தேர்வுக்கு முந்தின இரவு எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவன் நீ. லிக்னினைக் குறைக்கும் பழுப்பு நடுநரம்பு மரபணுவைச் சேர்த்தால் தண்டு வலுவிழந்து பயிர் சாயக்கூடும், மணியும் குறையக்கூடும் என்பதை அறிவேன். ஐப்பசிக் காற்றில் அந்தத் துணிச்சல் இங்கே யாருக்கும் வராது. ஆனால் மணியில் ஏறத்தாழ ஒத்திருக்கும் ஒட்டுகளுக்குள்ளேயே தட்டையின் செரிக்கும் தன்மை வேறுபடுவதை, பட்டன்சேருவில் இயங்கும் சர்வதேச கால்நடை ஆராய்ச்சி நிறுவனத்தார் அகச்சிவப்புக் கதிர் கொண்டு அளந்து காட்டியிருக்கிறார்களே! மணியை இழக்காமல் நல்ல தட்டையைத் தேர்ந்தெடுக்க முடியும் என்றால், பிறகு ஏன் தேர்வு செய்வதில்லை?

விதைப் பையைத் திருப்பிப் பார்த்தால் வயது இருக்கிறது, விளைச்சல் இருக்கிறது, தட்டையைப் பற்றி ஒரு சொல் இல்லை. மணிக்கு ஒரு காடு, தீவனத்துக்கென்றே ஆப்பிரிக்கன் டால் என்னும் மக்காச்சோள ரகம் போட இன்னொரு காடு என்று ஒதுக்க மானாவாரிக்காரனிடம் நிலம் ஏது? நெல் அறுப்பு இயந்திரத்துக்குப் போன பிறகு வைக்கோல் படப்புகளும் சிறுத்துவிட்டன. கோடையில் மாட்டை விற்பவர்கள் எல்லோரும் பால் விலைக்காக விற்பதில்லை, தீவனம் இல்லாமல் விற்கிறார்கள். இதை நீ மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

ரகத்தைத் தேர்ந்தெடுக்கும்போது தோகையின் பச்சையை மட்டும் நம்பிவிடாதே. மணி சரியாகப் பிடிக்காத செடியிலும் சர்க்கரை தண்டிலேயே தங்கிப் பச்சை நிற்கும். ஆகவே கதிர் நிரம்பிய செடியின் பச்சையைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும். ஒட்டுக்குப் பெற்றோராகும் தூய வழிகளை ஆறேழு தலைமுறை தன்மகரந்தச் சேர்க்கையில் நிலைப்படுத்திய பிறகு பார்க்கலாம் என்று தள்ளாமல், தாய்வழி, தந்தைவழி இரண்டிலும் தொடக்கத்திலேயே தண்டைச் சோதித்துக் கழித்துவிடு.

புரட்டாசி விதைப்புக்கு உன் சோதனை ஒட்டுகளில் நாலைந்தை அனுப்பு. ஓடைக்கரைத் தாக்கை உனக்காக விடுகிறேன். அறுப்புக்கு நீயே வந்து நிற்க வேண்டும். கதிரை நிறுத்த தராசிலேயே தட்டையையும் நிறுத்து, அடித்தண்டு, நடுத்தண்டு, தோகை என்று பிரித்து மாதிரி எடுத்துப் போ. எந்த வாரம் வர வசதிப்படும் என்று எழுது. ஆட்களுக்கு முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும்.

அன்புடன்,
உன் அறைத்தோழன்