உன் சனிக்கிழமைப் பிள்ளைகள்

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. குடிநீர் ஆய்வக வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு பள்ளிக்கூடப் பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டுவிட்டாய் என்று படித்ததும் சிரிப்புதான் வந்தது. சும்மா இருப்பது உன் ஜாதகத்திலேயே இல்லை. இங்கே எல்லோரும் நலம். மகள் வேலை மாறியிருக்கிறாள், பேரன் பேச ஆரம்பித்திருக்கிறான், நிறுத்துவதாக இல்லை. மற்றதை நேரில் பேசிக்கொள்வோம்.

நீ கேட்டதற்கு வருகிறேன். ஒன்பதாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை படிக்கிற பிள்ளைகள் சனிக்கிழமை காலையில் வந்துவிடுகிறார்கள், அவர்களை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று கேட்டிருக்கிறாய். உங்கள் குழுவில் ஆளுக்கொரு யோசனை. ஒருவருக்கு வழிகாட்டி முகாம் நடத்த வேண்டும். ஒருவருக்குப் பெரிய மனிதர்களைக் கூப்பிட்டு மேடையில் பேசவைக்க வேண்டும். இன்னொருவருக்கு ஏதோ சோதனை வைத்து, கண்ணால் கற்பவர், காதால் கற்பவர், கையால் கற்பவர் என்று பிள்ளைகளைப் பிரிக்க வேண்டும். அந்தக் கடைசி யோசனையை முதலில் தள்ளிவிடு. ஹெரால்ட் பாஷ்லரும் இன்னும் மூன்று உளவியலாளர்களும் 2008-ல் அந்த ஆய்வுகளையெல்லாம் அலசிவிட்டு, அப்படிப் பிரித்துப் பாடம் நடத்தினால் பலன் உண்டு என்று சொல்லப் போதுமான ஆதாரம் இல்லை என்று எழுதிவிட்டார்கள். போதாக்குறைக்கு, ‘நான் காதால் கற்பவன்’ என்று ஒரு பையன் நம்பிவிட்டால் பேனாவைத் தொடாமல் இருக்க அவனுக்கு ஒரு சாக்கு கிடைத்துவிடும்.

முகாமும் மேடையும் தப்பென்று சொல்லவில்லை. ஆனால் இந்த வயதுப் பிள்ளைகளுக்கு அறிவுரைக்குப் பஞ்சமே இல்லை. வீட்டில், பள்ளியில், பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தவர்கூட ‘நல்லாப் படிக்கணும்’ என்று சொல்லிவிட்டுத்தான் இறங்குகிறார். ‘எங்கே, செய்து காட்டு, பார்க்கிறேன்’ என்று பக்கத்தில் உட்காரத்தான் ஆள் இல்லை. நீ அந்த ஆளாக இரு. அதற்கு நாற்பது பிள்ளைகள் ஆகாது. ஏழெட்டுப் பேரோடு நிறுத்திக்கொள்.

எங்களிடம் படிக்க வரும் ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்கிறேன், பத்தாம் வகுப்பு. புத்தகத்தைத் திறந்தால் மஞ்சள், பச்சை, ரோஸ் என்று பக்கம் முழுக்க ஹைலைட்டர். கோடு போடாத வரியைத் தேட வேண்டும். ‘எல்லாம் படிச்சுட்டேன் டீச்சர், பரீட்சையில மட்டும் வரமாட்டேங்குது’ என்றாள். புத்தகத்தை மூடச் சொல்லி, ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்து, அந்தப் பாடத்தில் ஞாபகம் இருப்பதை மட்டும் எழுதச் சொன்னேன். நாலு வரி எழுதினாள். ஐந்தாவது வரி பாதியில் நின்றது. பேனா மூடியைக் கடித்துக்கொண்டு கூரையைப் பார்த்தாள். அப்புறம் புத்தகத்தைத் திறந்து, விட்டுப்போனதையெல்லாம் சிவப்பு மையில் அதே தாளில் எழுதவைத்தேன். நீலம் கொஞ்சம், சிவப்பு நிறைய. நான் ஒன்றும் சொல்லவில்லை, அவளே பார்த்துக்கொண்டாள். சில நாள் விட்டு அதே பாடத்துக்கு இன்னொரு வெள்ளைத் தாள். இப்போது அவள் நோட்டில் சிவப்பு குறைந்துகொண்டு வருகிறது. ஹைலைட்டரை இன்னும் விடவில்லை, அது போகட்டும், அழகுக்கு இருக்கட்டும்.

இது நான் கண்டுபிடித்த வித்தை இல்லை. ஜெர்மனியில் எபிங்ஹாஸ் என்பவர் அர்த்தமில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு மறக்கிறது என்று அளந்து 1885-லேயே புத்தகம் போட்டுவிட்டார். முதல் சில மணி நேரத்தில்தான் மறதி மிக வேகம். 2006-ல் அமெரிக்காவில் ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் கல்லூரி மாணவர்களை வைத்துப் பார்த்தார்கள். ஒரு கூட்டம் ஒரு பத்தியைத் திரும்பப் படித்தது. இன்னொரு கூட்டம் ஒருமுறை படித்துவிட்டு, பார்க்காமல் எழுதிப் பார்த்தது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்பப் படித்தவர்கள்தான் முன்னால்: 81 சதவீதம், 75 சதவீதம். ஒரு வாரம் போனதும் தலைகீழ்: திரும்பப் படித்தவர்களுக்கு 42, எழுதிப் பார்த்தவர்களுக்கு 56. பரீட்சைக்கு முந்தின இரவு எல்லாம் தெரிந்த மாதிரி இருந்து, ஹாலில் ஒன்றும் வராமல் போவது ஏன் என்று இதில் தெரிகிறது, பார். 2013-ல் டன்லாஸ்கியும் மற்றவர்களும் பத்து விதமான படிக்கும் முறைகளை எடைபோட்டு, தானே சோதித்துப் பார்ப்பதையும் இடைவெளி விட்டுப் படிப்பதையும் மேலே வைத்தார்கள். கோடு போடுவதும் திரும்பத் திரும்பப் படிப்பதும் கீழே போயின.

கணக்கில் இன்னொரு சிக்கல் உண்டு. நீ எழுதியிருந்த அந்தப் பையன், வீட்டுப்பாடம் அத்தனையும் சரியாகப் போட்டுவிட்டு மாதிரித் தேர்வில் கோட்டை விடுகிறானே, அவனுக்கு இதுதான் காரணமாக இருக்கும் என்று என் ஊகம். பாடப்புத்தகத்தில் ஒரு பயிற்சிக்குள் இருக்கிற கணக்கெல்லாம் ஒரே வகை. கூம்பின் கன அளவு என்று தலைப்பே சொல்லிவிடுகிறது. எந்தச் சூத்திரம் என்று யோசிக்க வேண்டிய வேலையே இல்லை, எண்ணைப் போட்டால் விடை. தேர்வுத்தாளில் தலைப்பு கிடையாது. ரோரரும் டெய்லரும் 2007-ல் இதையே சோதித்தார்கள். ஒரு குழுவுக்கு வகைவாரியாக, இன்னொரு குழுவுக்குக் கலந்துகட்டி. பயிற்சியின்போது வகைவாரியாகப் போட்டவர்கள் 89 சதவீதம் சரி, கலந்து போட்டவர்கள் 60. ஒரு வாரம் கழித்து வைத்த தேர்வில் முன்னவர்கள் 20, பின்னவர்கள் 63. ஆகவே அவனிடம் புதுக் கணக்கு எதுவும் கொடுக்காதே. பழைய அத்தியாயங்களிலிருந்து பத்துக் கணக்கைப் பொறுக்கி, வரிசையைக் குலைத்துக் கொடு. முதலில் விடை வேண்டாம், ஒவ்வொன்றுக்கும் எந்த வழி, ஏன் என்று மட்டும் எழுதட்டும். ஆரம்பத்தில் நிறையத் தப்பு வரும், முகம் வாடும். அந்த நேரத்தில்தான் நீ பக்கத்தில் இருக்க வேண்டும்.

விடைத்தாளைத் திருத்தும்போது மதிப்பெண் போடாதே. எங்கே நின்றுபோனான், அடுத்து எதைப் பார்க்க வேண்டும் என்று இரண்டு வரி எழுதினால் போதும். ரூத் பட்லர் 1988-ல் செய்த ஆய்வில், குறிப்பு மட்டும் பெற்ற பிள்ளைகள் முன்னேறினார்கள். குறிப்போடு மதிப்பெண்ணும் சேர்த்துக் கொடுத்தபோது அந்தப் பலன் காணாமல் போனது. மார்க்கைப் பார்த்துவிட்டால் யார் குறிப்பைப் படிக்கிறார்கள்? என் பிள்ளைகள் இன்னமும் ‘மார்க் எவ்வளவு டீச்சர்?’ என்று நச்சரிக்கத்தான் செய்கிறார்கள். நானும் காதில் வாங்குவதில்லை.

தூக்கம் பற்றி ஒரே ஒரு வார்த்தை. 13 முதல் 18 வயதுக்கு 8 முதல் 10 மணி நேரம் வேண்டும் என்பது தூக்க மருத்துவர்களின் பரிந்துரை. இந்த வயதில் உடலின் கடிகாரமே பின்னால் தள்ளிப்போகிறது, இரவில் சீக்கிரம் தூக்கம் வராது. காலையில் கொட்டாவி விட்டால் சோம்பேறி என்று முடிவு கட்டிவிடாதே. செல்போனை வேறு அறையில் வைத்தாயா என்று மட்டும் கேள்.

சரி, எதிர்காலம். அங்கேதான் உங்கள் குழு முழுக் கவனத்தையும் வைத்திருக்கிறது போல. ‘என்னவாகப் போகிறாய்?’ என்று கேட்டால் எட்டுப் பிள்ளைகளும் நாலு பதிலுக்குள் அடங்கிவிடுவார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. பல நாடுகளில் 15 வயதுப் பிள்ளைகளுக்கு நடக்கும் பீசா தேர்வில் 2018-ல் கேட்டதை வைத்து, ஓஇசிடி என்கிற பன்னாட்டுப் பொருளாதார அமைப்பு 2020-ல் ஓர் அறிக்கை வெளியிட்டது. 41 நாடுகளில் பையன்களில் 47 சதவீதம் பேரும் பெண்களில் 53 சதவீதம் பேரும் ஏதோ ஒரு பத்து வேலைகளுக்குள்தான் தங்களை எதிர்பார்க்கிறார்கள். பார்த்ததைத்தானே கேட்க முடியும்? டாக்டரைப் பார்த்திருக்கிறார்கள், டீச்சரைப் பார்த்திருக்கிறார்கள், போலீஸைப் பார்த்திருக்கிறார்கள். குழாயைத் திறந்தால் தண்ணீர் தெளிவாக வருவதற்குப் பின்னால் உன்னைப் போல் ஒருத்தி வேலை பார்த்தாள் என்று அவர்களுக்கு யார் சொன்னது?

அதனால் மேடைப் பேச்சுக்கெல்லாம் முன்பே, தண்ணீர் தெளிய எவ்வளவு படிகாரம் வேண்டும் என்று பார்க்கிற உன் ஜார் டெஸ்டைக் காட்டு. நீ எனக்கு ஒருமுறை காட்டினாயே, அதேதான். ஆறு குடுவைகளில் ஒரே கலங்கல் நீர், ஒவ்வொன்றிலும் வேறு வேறு அளவு படிகாரம். முதலில் வேகமாகக் கலக்கு, பிறகு மெதுவாக, பிறகு விட்டுவிடு. மண் துகள்கள் ஒன்றோடொன்று சேர்ந்து பஞ்சுபோல் திரண்டு அடியில் இறங்கும். குறைந்த படிகாரத்தில் எது நன்றாகத் தெளிகிறதோ அந்த அளவுதான் அன்றைய கணக்கு. எல்லாமே எதிர் (நெகட்டிவ்) மின்சுமை கொண்ட துகள்கள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு மிதப்பதும், படிகாரம் அந்தச் சுமையைத் தணிப்பதும் மேல்வகுப்பு வேதியியல் புத்தகத்திலேயே இருக்கிறது. அந்தப் பத்தி ஒருவருக்கு மாதச் சம்பளம் வாங்கித் தருகிறது என்பது மட்டும் புத்தகத்தில் இல்லை. மழை பெய்த மறுநாள் அளவு ஏன் மாறும் என்று அவர்களையே கேட்டுப் பார்.

மற்றவர்களைக் கூப்பிடும்போதும் பெரிய பதவிக்காரர் வேண்டாம், வேலைக்குச் சேர்ந்து மூன்று நான்கு வருடம் ஆனவர்களாகப் பார். பெரியவர்கள் வெற்றிக் கதை சொல்வார்கள், சின்னவர்களுக்கு விண்ணப்பம் போட்டதும் திட்டு வாங்கியதும் இன்னும் ஞாபகம் இருக்கும். நேற்று காலையிலிருந்து சாயங்காலம் வரை என்ன செய்தீர்கள், எது அலுத்துப்போனது, பத்தாம் வகுப்பில் படித்தது எங்கேயாவது உதவியதா என்று பிள்ளைகளே கேட்கட்டும். பாஸ்டனில் ஃபிராங்க் பார்சன்ஸ் 1908-ல் வேலை வழிகாட்டி அலுவலகம் திறந்தபோது மூன்று விஷயம் சொன்னார்: தன்னை அறிவது, வேலைகளை அறிவது, இரண்டையும் பொருத்திப் பார்ப்பது. நாம் முதல் இரண்டையும் விட்டுவிட்டு நேரே மூன்றாவதுக்குத் தாவுகிறோம். அதற்காகப் பிள்ளைகளைப் பதினைந்து வயதிலேயே ஒரு முடிவில் கட்டிப்போட்டுவிடவும் கூடாது. நீயே காலியிடம் இருந்தது என்றுதானே அந்த ஆய்வகத்துக்குள் போனாய்?

முடிவு செய்யாமல் இருக்கலாம், ஆனால் கதவை மூடிவிடக் கூடாது. மேல்வகுப்பில் எந்தப் பாடத்தை விட்டால் எந்தப் படிப்புக்குப் போக முடியாது என்பதை, அந்தந்தக் கல்வி நிறுவனத்தின் சேர்க்கை விதியைத் திறந்து பிள்ளையே வாசிக்க வேண்டும். அத்தை சொன்னது, சீனியர் சொன்னது எல்லாம் அப்புறம். நான்கு வருடப் படிப்பு மட்டும்தான் படிப்பு என்ற எண்ணத்தையும் கொஞ்சம் அசைத்துவிடு. தொழிற்பயிற்சி, டிப்ளமோ, வேலை செய்துகொண்டே படிப்பது எல்லாம் அதே மேசையில் இருக்கட்டும்.

விண்ணப்பப் படிவத்தை மட்டும் அவர்களோடு உட்கார்ந்தே நிரப்பு. இதில் நான் பிடிவாதமாகச் சொல்வேன். அமெரிக்காவில் பெட்டிங்கர் என்ற ஆய்வாளரும் இன்னும் மூவரும் 2012-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். வருமானம் குறைந்த குடும்பங்களில் ஒரு பகுதிக்குக் கல்லூரி உதவித்தொகை பற்றிய தகவல் மட்டும் தந்தார்கள். இன்னொரு பகுதிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து படிவத்தையே நிரப்பிக் கொடுத்தார்கள். தகவல் மட்டும் பெற்றவர்களிடம் மாற்றம் எதுவும் தெரியவில்லை. படிவம் நிரப்ப உதவி கிடைத்த வீடுகளில், அடுத்த மூன்று வருடங்களில் கல்லூரியில் இரண்டு வருடம் படித்து முடித்த பிள்ளைகள் 28 சதவீதத்திலிருந்து 36-க்கு உயர்ந்தார்கள். ஒரு படிவம்தான், பெரிய விஷயமில்லை என்று உங்கள் குழுவில் யாராவது சொன்னால் இதைச் சொல். சான்றிதழுக்குச் சான்றிதழ் பெயரின் எழுத்து மாறியிருக்கிறதா என்றும் அப்போதே பார்த்துவிடு. கடைசித் தேதிக்கு முந்தின நாள் தெரிந்தால் ஒன்றும் செய்ய முடியாது.

பெற்றோர் வந்து ‘இதைப் படித்தால் வேலை கிடைக்குமா?’ என்று கேட்பார்கள். ஆர்வம்தான் முக்கியம் என்று மழுப்பாதே. கடன் வாங்கிப் படிக்கவைக்கிறவர் கேட்க வேண்டிய கேள்விதான் அது. போன வருடம் அந்தப் படிப்பை முடித்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று அவர்களோடு சேர்ந்து விசாரி.

இன்னொன்று. மார்க் குறைந்ததும் எந்தப் பிள்ளையாவது வாழ்வதே வேண்டாம் என்கிற மாதிரி பேசினால், விளையாட்டுக்குச் சொன்னாலும், அதை உனக்குள் வைத்துக்கொள்ளாதே. தனியே விடாமல், அன்றைக்கே வீட்டுப் பெரியவரிடமும் மனநல ஆலோசகரிடமும் கொண்டுபோ. ரகசியம் காப்பாற்றுகிறேன் என்று வாக்கும் கொடுத்துவிடாதே.

கடிதம் நீண்டுவிட்டது, பழைய வாத்தியார் புத்தி. அந்தப் பையனின் கணக்குத் தேர்வுத்தாளைப் படம் எடுத்து அனுப்பு. விடையை மட்டும் இல்லை, அடித்துத் திருத்திய இடங்களும் தெரிகிற மாதிரி எடு. அடுத்த மாதம் எனக்குக் கண் ஆப்பரேஷன், அதற்கு முன்னால் பார்த்துச் சொல்லிவிடுகிறேன்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழி