வெல்டிங் ஆசிரியரும் கரண்ட் லைனும் கேட்டு மூன்றாவது மனு

அனுப்புநர்:
பிளஸ் டூ அடிப்படை இயந்திரவியல் மாணவனின் தந்தை,
திருவெறும்பூர் வட்டம்.

பெறுநர்:
உயர்திரு முதன்மைக் கல்வி அலுவலர் அவர்கள்.

பொருள்: அரசு மேல்நிலைப் பள்ளியின் தொழிற்கல்விப் பிரிவுக்கு ஆசிரியரும் மின் இணைப்பும் வேண்டுதல் தொடர்பாக.

பார்வை: 1. ஜூன் மாதம் நேரில் கொடுத்த மனு. 2. ஆகஸ்ட் மாதம் குறைதீர் நாளில் கொடுத்த மனு (ரசீது நகல் இணைத்துள்ளேன்).

மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம்.

எங்கள் பகுதியைத் தாங்கள் நன்கு அறிவீர்கள். தஞ்சாவூர் ரோட்டில் துவாக்குடி வரை எந்தப் பக்கம் திரும்பினாலும் பேப்ரிகேஷன் பட்டறைதான். பெல் (BHEL) தொழிற்சாலை வளாகத்தில் 1975 முதல் வெல்டிங் ஆராய்ச்சி நிலையமே இயங்குகிறது. நானும் 22 வருடமாக கான்ட்ராக்டில் வெல்டிங் வேலை பார்க்கிறவன். இப்பேர்ப்பட்ட ஊரில், தொழில் கற்கவென்றே சேர்ந்த பிள்ளைகள் பள்ளியில் இதுவரை ஒரு வெல்டிங் ராடுகூட எரித்ததில்லை என்பதை மறுபடியும் பணிவோடு தெரிவித்துக்கொள்கிறேன்.

1. தொழிற்கல்வி ஆசிரியர் ஓய்வு பெற்று ஒன்றரை வருடம் ஆகிறது. அந்த இடம் இன்னும் காலி.

2. ஒர்க்‌ஷாப் அறை ஒழுகியதால் மெஷினுக்கு வேண்டிய திரீ பேஸ் கரண்ட் லைனைத் துண்டித்தார்கள். கூரையைச் சரிசெய்துவிட்டார்கள், லைன் திரும்ப வரவில்லை. வெல்டிங் மெஷின் தார்ப்பாய் போர்த்தியபடி மூலையில் கிடக்கிறது.

3. என் மகனின் ரெக்கார்டு நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். லேப் ஜாயின்ட், பட் ஜாயின்ட், டீ ஜாயின்ட் என்று அழகாகப் படம் வரைந்திருக்கிறான். ஒவ்வொன்றுக்கும் கீழே ‘செய்து முடிக்கப்பட்டது’ என்று எழுதியிருக்கிறான். எதை ஐயா முடித்தான்? ராடு மாட்டும் ஹோல்டரை முதன்முதலில் பிடிக்கிறவனுக்கு ராடு தகட்டோடு ஒட்டிக்கொள்ளும். கையை வெடுக்கென்று திருப்பி விடுவிக்க வேண்டும். ராடு முனைக்கும் தகட்டுக்கும் இடையே ஒரு நூலளவு இடைவெளி விட்டு, ராடு கரையக் கரையக் கையும் இறங்கிக்கொண்டே வர வேண்டும். சரியாக வந்தால் அப்பளம் பொரிகிற சத்தம் ஒரே சீராகக் கேட்கும். இதைப் படம் வரைந்து கற்க முடியுமா? ஒரு கட்டு ராடாவது எரித்தால்தான் கை பழகும்.

4. இதுதான் என்னைத் தூங்க விடாமல் செய்கிறது. பள்ளியில் கற்க வழியில்லை என்று என் மகன் எனக்குத் தெரியாமல் ஒரு பட்டறைக்குப் போயிருக்கிறான். ஒருவர் வெல்டிங் வைக்க, இவன் கண்ணையும் முகத்தையும் மறைக்கும் ஷீல்டு இல்லாமல் பக்கத்தில் தகட்டைப் பிடித்திருக்கிறான். சாயங்காலம் நன்றாகத்தான் வந்து சாப்பிட்டான். நடுராத்திரி எழுந்து, ‘அப்பா, கண்ணில் மணலை அள்ளிப் போட்ட மாதிரி இருக்கிறது’ என்று கத்தினான். வெல்டிங் வெளிச்சம் பட்ட உடனே தெரியாது, ஆறேழு மணி நேரம் கழித்துத்தான் எரியும். அவன் அம்மா விளக்கை அணைத்துவிட்டு விடிய விடிய ஈரத்துணியை மாற்றி மாற்றி வைத்தாள். கண்ணைத் திறக்க முடியாத பிள்ளையைக் காலையில் கையைப் பிடித்துத்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். இரண்டு நாளில் சரியாகிவிட்டது. ஆனால் ஐயா, நான் பட்டறையைக் கூட்டிப் பெருக்கி, இதே மாதிரி கண் எரிந்து எரிந்து கற்றவன். என் பிள்ளையாவது ஷீல்டு போட்டு, ஆசிரியர் பக்கத்தில் நின்று சொல்லிக் கொடுக்கக் கற்கட்டும் என்றுதானே இந்தப் பிரிவில் சேர்த்தேன்? பாய்லர் பைப் வெல்டிங்குக்குத் தேர்வு எழுதித் தேறாமல் கான்ட்ராக்டிலேயே நின்றுவிட்ட எனக்கு, முறையாகப் படிப்பதன் அருமை தெரியும்.

5. இரண்டு மனு கொடுத்தும் ஒரு வரி பதில் இல்லை. கணக்குக்கு ஆசிரியர் இல்லாமல் ஒன்றரை வருடம் விட்டுவைப்பார்களா? வெல்டிங் படிக்க வருகிறவன் கூலிக்காரன் பிள்ளை, கேட்க ஆள் இல்லை என்பதாலா இந்தத் தாமதம்? வார்த்தை கடுமையாக இருந்தால் மன்னிக்க வேண்டும். வேறு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

பிப்ரவரியில் செய்முறைத் தேர்வு வந்துவிடும். ஆகவே முதலில் லைனைக் கொடுக்கச் சொல்லுங்கள். ஆளுக்கொரு ஷீல்டும் தோல் கையுறையும் வாங்கிக் கொடுங்கள். நிரந்தர ஆசிரியர் வரும்வரை பக்கத்து அரசு ஐடிஐ-யிலிருந்து வாரம் இரண்டு நாளாவது ஒரு பயிற்றுநரை அனுப்புங்கள். அதுவும் முடியாதென்றால், தலைமையாசிரியர் அனுமதியோடு சனிக்கிழமைகளில் நானே வந்து சொல்லிக் கொடுக்கிறேன், சம்பளம் வேண்டாம், ராடும் நானே கொண்டுவருகிறேன். லைன் மட்டும் என்னால் கொடுக்க முடியாது ஐயா. அதைத் தாங்கள்தான் கொடுக்க வேண்டும். தயவுசெய்து இந்த முறையாவது பதில் தருமாறு மிகவும் பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மாணவனின் தந்தை

இணைப்பு: முந்தைய மனு ரசீது நகல், ரெக்கார்டு நோட்டின் மூன்று பக்கங்கள், ஆஸ்பத்திரிச் சீட்டு நகல்.